பத்துக்கு எட்டு

இன்று காலை உன் பெட்டியின் அடி கழன்று விழுந்துவிட்டது. பால்மா வந்த அட்டைப் பெட்டிக்குப் பழுப்புத் தாள் ஒட்டி, மேலே ஒரு வாய் வெட்டி, முன்பக்கத்தில் 'கடிதங்கள்' என்று ஆங்கிலத்தில் கொட்டை எழுத்தில் எழுதி நம் அறை வாசலில் நீ வைத்தாயே, அதே பெட்டிதான். மழை தொடங்கியதிலிருந்து ஊறிப்போயிருந்தது. நான் தூக்கியதும் முதலாம் வருடப் பிள்ளைகளின் கடிதங்கள் எல்லாம் ஈரத் தரையில் சிதறின. குந்தியிருந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கியபோது, நனைந்த அட்டையிலிருந்து மாப்பசையின் புளித்த வாடை வந்தது. கடைப் பசை ஒட்டாது என்று மடவளையில் உன் வீட்டில் நீயே கோதுமை மாவில் காய்ச்சி, ஜாம் போத்தலில் கொண்டுவந்த பசை அது.

நீ போய் எட்டு மாதம். உன்னிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் நான் இழுத்தடித்தது ஐந்து வருடம். அந்தப் பசை வாடைக்கு முன்னால் இனியும் இழுத்தடிக்க முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நாம் இரண்டு பேரும் ஒரே நாளில் பல்கலைக்கழக ஆங்கிலப் பிரிவில் சேர்ந்தவர்கள். தற்காலிகப் போதனாசிரியர்கள். வருடத்துக்கு ஒருமுறை ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பார்கள், புதுப்பிக்காமலும் விடுவார்கள். தமிழில் படித்துக் கலைப் பீடத்துக்கு வந்த பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தில் ஒரு பந்தி எழுத, ஒரு கடிதம் எழுத, ஒரு படிவம் நிரப்பச் சொல்லிக்கொடுப்பது நம் வேலை. பல்கலைக்கழகத்துக்குள் இருந்துகொண்டு ஐந்தாம் வகுப்பு வேலை பார்க்கிறார்கள் என்று மற்றப் பிரிவுகளில் நக்கலடிப்பார்கள். எனக்குச் சுரீரென்று கோபம் வரும். நீ சிரித்துவிட்டுப் போவாய்.

முதல் ஒரு வருடம் ஒருவரையொருவர் 'நீங்க' என்றுதான் பேசிக்கொண்டோம். பிறகு ஒருநாள் கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியில், நாம் வீடு திரும்பும் பஸ் அசையாமல் நின்றுகொண்டிருந்தபோது, ஜன்னலோரம் இருந்த நான் தூங்கி விழுந்து கம்பியில் தலையை இடித்துக்கொண்டேன். நீ என் தலையைத் தடவிவிட்டு, "என்ன புள்ள, நீ எறங்குற எடம் வந்திச்சு, எழும்பு" என்றாய். அன்றிலிருந்து நாம் 'நீ' ஆனோம். என்னைப் புள்ள என்று கூப்பிட இந்த ஊரில் உன்னைத் தவிர வேறு ஆளில்லை. என் வீட்டில்கூட எல்லோருக்கும் நான் டீச்சர்தான்.

சிவப்புப் பேனையைத் தூக்கிப் போட்டது உன் யோசனை. சிவப்பைக் கண்டாலே பிள்ளைகள் பயப்படுகிறார்கள் என்று கண்டிக் கடையொன்றில் ஒரு பெட்டி பச்சைப் பேனை வாங்கிவந்து பாதியை என் மேசையில் வைத்தாய். மாதிரிக் கடிதம் நாம் சேர்ந்து செய்தது. பரீட்சையில் எப்படியும் ஒரு கடிதம் வரும். அதனால் நம் பிரிவின் இணைப்பாளருக்கு மூன்று நாள் விடுமுறை கேட்டு ஒரு கடிதம் எழுதினோம்: 'எனது தாயார் கடுமையாகச் சுகவீனமுற்று வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டுள்ளார். தயவுசெய்து எனக்கு விடுமுறை தந்துதவுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.' பிள்ளைகள் அதை அட்சரம் பிசகாமல் பாடமாக்கினார்கள். ஒவ்வொரு புதன்கிழமையும் பயிற்சிக் கடிதங்கள் உன் பெட்டியில் விழும். நீ அள்ளி எடுத்து மேசையில் பரப்பிவிட்டு, "இந்தக் கெழமையும் எழுவது உம்மாமாருக்கு ஒரேயடியா வருத்தம் வந்தீக்கி, புள்ள" என்பாய். வயிறு நோகச் சிரிப்போம். எத்தனை புதன்கிழமை அப்படிச் சிரித்தோம் என்று இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அடுத்த சட்டம் என்னுடையது. உண்மையாகவே விடுமுறை வேண்டிய பிள்ளையும் ஆங்கிலத்தில் எழுதி அந்தப் பெட்டியில்தான் போட வேண்டும். அறைக்கு வந்து தமிழில் சொல்லக் கூடாது என்று அறிவித்தேன். ஆங்கிலம் உண்மையான தேவைக்குப் பயன்பட்டால்தான் வரும் என்பது என் வாதம். கேட்பவர்களுக்கு நன்றாகத்தான் இருந்தது. நீ மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை.

"வருத்தத்த தமிழ்ல சொன்னா அது வருத்தமில்லயா? மூஞ்சியப் பார்த்துச் சொல்லட்டுமே புள்ள."

"மூஞ்சியப் பார்த்தா நம்மளும் தமிழ்லயே பேசிருவோம். அப்புறம் எப்ப இதுக கத்துக்கிறது?" என்றேன். நீ தோளைக் குலுக்கிவிட்டு உன் வேலையைப் பார்த்தாய். என்னோடு வாக்குவாதப்பட உனக்கு என்றுமே பொறுமை இருந்ததில்லை. சட்டம் நிலைத்தது. பயிற்சிக் கடிதமும் உண்மைக் கடிதமும் ஒரே பெட்டியில் விழும் என்பது என் புத்திக்கு எட்டவில்லை.

நிரோஜாவை உனக்கு நினைவிருக்கும். மறந்திருக்க மாட்டாய். வன்னியிலிருந்து வந்த, எப்போதும் பின்வரிசையில் சுவரோரம் இருக்கிற பிள்ளை. என் வகுப்பு. அவளுடைய தாள்கள் எல்லாம் நான்தான் திருத்தினேன். பேசச் சொன்னால் எழும்பி நின்று மேசையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். எழுதச் சொன்னால் மாதிரியில் இருப்பதை அப்படியே எழுதுவாள். சொந்தமாக எழுதினால் பிழை வந்துவிடும் என்ற பயம்.

அந்தப் புதன்கிழமை நான் வழக்கம்போல் வேகமாகத் திருத்தினேன். ஒரு கடிதத்துக்கு ஒரு நிமிடம். அந்த வேகத்தில் எனக்கு ஒரு பெருமையும் இருந்தது. பிழையைத் தேடிப் பழகிய கண் பிழையை மட்டும்தான் பார்க்கும். நிரோஜாவின் கடிதத்தில் பிழை குறைவு. மாதிரியில் இல்லாத ஒன்றும் அதில் இருந்தது: வைத்தியசாலை என்ற சொல்லுக்குப் பக்கத்தில் 'நாலாம் வார்ட்' என்று எழுதியிருந்தாள். நல்ல விவரம் என்று அந்த இடத்தில் பச்சையில் ஒரு சரி போட்டேன். அடியில் எழுதினேன்: 'நன்று. ஆனால் பாடமாக்கியது. சொந்தமாக ஒரு காரணம் எழுதிப் பழகவும். பத்துக்கு எட்டு.'

மறுநாள் வகுப்பில் தாள்களைத் திருப்பிக் கொடுத்தேன். எல்லோரும் வாங்கிக்கொண்டு போய் இருந்துவிட்டார்கள். அவள் மட்டும் என் மேசையடியில் நின்றாள். தாளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "மிஸ்..." என்றாள்.

"என்ன, எட்டு போதாதா?" என்றேன்.

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். "போதும் மிஸ்" என்று சொல்லிவிட்டுப் போய்ச் சுவரோரம் இருந்துவிட்டாள்.

இந்த இடத்தை உனக்கு நான் சொன்னதே இல்லை. அந்தத் தாளில் இருப்பது உனக்குத் தெரியும். 'எட்டு போதாதா' என்று நான் கேட்டது தெரியாது.

கடிதம் திரும்பி வந்ததால் விடுமுறை இல்லை என்று அவள் நினைத்துக்கொண்டாள். வரவு குறைந்தால் பரீட்சை எழுத விடமாட்டோம் என்று முதல் நாளே பயமுறுத்தி வைத்திருந்ததும் நான்தான். வெள்ளிக்கிழமை வகுப்புப் பரீட்சை. எழுதி முடித்துவிட்டு பஸ் ஏறலாம் என்று இருந்திருக்கிறாள். அவள் என் கேள்வித்தாளுக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்த நேரத்தில் அங்கே தாய் முடிந்துபோனாள். மண்டபத்துக்கு வெளியே வந்து போனைத் திறந்தபோதுதான் தமையன் சொல்லியிருக்கிறான்.

முப்பத்தோராம் நாள் காரியம் முடித்துத் திரும்பி வந்தவள் நேரே நம் அறைக்கு வந்தாள். நான் தேத்தண்ணீருக்குக் கேத்தலில் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தேன். திரும்பி வரும்போது அவள் முதுகைக் கண்டேன். உன் மேசைக்கு முன்னால் நின்றாள். தாளை உன் முன்னால் விரித்து வைத்தாள். மடித்த இடமெல்லாம் கிழியும் நிலையில் இருந்தது.

"மிஸ், நான் இதில என்ன பிழை விட்டனான்?"

கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அம்மா செத்துப்போனதையும் அதே குரலில் சொன்னாள். நீ தாளை வாசித்தாய். இரண்டு தரம் வாசித்தாய். என் எழுத்து உனக்கு உன் எழுத்தை விட நன்றாகத் தெரியும். பிறகு தலையை நிமிர்த்தி, அவள் தோளுக்கு மேலாக வாசலில் நின்ற என்னைப் பார்த்தாய்.

எவ்வளவு நேரம் பார்த்தாய் என்று தெரியாது. கேத்தல் கனத்தது.

"நான்தான் புள்ள மார்க் பண்ணின" என்றாய் அவளிடம். "வாசிக்காம மார்க் பண்ணிட்டேன். உங்கள்ல ஒரு பிழையும் இல்ல."

சொல்லிவிட்டு மறுபடியும் என்னைப் பார்த்தாய். அந்தப் பார்வையை நான் அப்போதே புரிந்துகொண்டேன். நீ எனக்கு ஒரு நிமிடம் வாங்கித் தந்திருந்தாய். அந்த நிமிடத்துக்குள் நான் உள்ளே வந்து, 'இல்ல, நான்தான்' என்று சொல்லியிருக்க வேண்டும். இரண்டு எட்டு வைத்தால் போதும். நான் என்ன செய்தேன் தெரியுமா? தெரியும், நீதான் பார்த்துக்கொண்டிருந்தாயே. திரும்பிப் போய், நிறைந்திருந்த கேத்தலைக் கொட்டிவிட்டு மறுபடியும் தண்ணீர் பிடித்தேன்.

அதற்குப் பிறகு நடந்தது எல்லாம் அதன் தொடர்ச்சிதான். அவளுடைய வகுப்புப் பிள்ளைகள் விஷயத்தை மேலே கொண்டுபோனார்கள். இணைப்பாளர் நம் இருவரையும் கூப்பிட்டார். தாள் எங்கே என்று கேட்டார். தொலைந்துவிட்டது என்றாய், அது உன் கைப்பைக்குள் இருந்தது. நான்தான் திருத்தினேன் என்று அங்கேயும் சொன்னாய். அவர் என் பக்கம் திரும்பி, "உங்களுக்கு ஏதாவது சொல்ல இருக்கா?" என்று கேட்டார். இரண்டு கிழமையில் எனக்கு நிரந்தர நியமனத்துக்கான நேர்முகம் இருந்தது. "இல்ல சேர்" என்றேன். ஒரு கதிரை தள்ளி நீ இருந்தாய். நியமனம் எனக்குக் கிடைத்தது. வருட முடிவில் உன் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. காரணம் எழுதவில்லை. யாரும் கேட்கவுமில்லை, நான் உட்பட.

நிரோஜா அந்தத் தவணையோடு படிப்பை விட்டுவிட்டாள். தம்பி சின்னவன், பார்க்க ஆளில்லை என்று யாரோ சொன்னார்கள்.

நீ என்னோடு சண்டை பிடிப்பாய் என்று காத்திருந்தேன். கத்தியிருந்தால் நானும் அழுதுகொண்டு ஒத்துக்கொண்டிருப்பேன் என்று இன்றுவரை எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். நம்பிக்கையில்லை. இணைப்பாளரிடம் போன அன்று பின்னேரம் பஸ் ஏறினோம். நீ எனக்கு வழி விட்டு, "நீங்க ஜன்னல் பக்கம் இருங்க" என்றாய். அவ்வளவுதான். அதன் பிறகு ஒருநாளும் நீ என்னைப் 'புள்ள' என்று கூப்பிடவில்லை.

வேலை போன பிறகு மடவளையில் வீட்டு முன்னறையிலேயே வகுப்பு வைத்தாய். உயர்தரப் பிள்ளைகளுக்கு நல்லாச் சொல்லிக்கொடுக்கிறாய் என்று பஸ்ஸில் பேசிக்கொண்டார்கள். பெருநாளைக்கு நான் வருவேன், நத்தாருக்கு நீ கிறிஸ்மஸ் கேக் அனுப்புவாய். மரியாதை குறையவில்லை. மரியாதைதான் கூடிக்கொண்டே போனது. உனக்குச் சிறுநீரகம் பழுது என்று கேள்விப்பட்டு வந்தபோது நீ வீட்டில்தான் இருந்தாய். கால் வீங்கி, முகம் வெளுத்து. நீ ராத்தா என்று கூப்பிடும் உன் அக்கா தேத்தண்ணீர் வைத்துவிட்டு உள்ளே போன பிறகு மெதுவாகக் கேட்டாய்:

"அந்தப் புள்ளக்கிட்ட பேசினீங்களா?"

"பேசுறேன்" என்றேன்.

"பேசுங்க. நான் மவுத்தாகிறதுக்கு முந்திப் பேசினா எனக்கும் கேட்டுட்டுப் போகலாம்."

வேடிக்கையாகச் சொன்னாய். நான் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு கிழமை கழித்து உன்னைக் கண்டி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பதினொரு நாள் இருந்தாய். கட்டுகஸ்தோட்டையிலிருந்து கண்டி எவ்வளவு தூரம்? பரீட்சைத் தாள் திருத்த வேண்டியிருந்தது என்று உன் ராத்தாவிடம் சொன்னேன். பொய்யில்லை. மேசை நிறையத் தாள் இருந்தது. உன்னைப் பார்க்க வந்தால் நீ அதையே கேட்பாய் என்று பயந்தேன் என்பதைத்தான் சொல்லவில்லை. மையத்து வீட்டில் பெண்களோடு நின்று, உன்னைத் தூக்கிக்கொண்டு போவதை ஜன்னலால் பார்த்தேன். அப்போதும் எனக்குள் ஒரு மூலையில், இனிக் கேட்க ஆளில்லை என்ற ஆறுதல் இருந்தது. இவ்வளவு கேவலமான ஆறுதலை நான் வேறெப்போதும் உணர்ந்ததில்லை.

மாதிரிக் கடிதத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அம்மாவின் வருத்தத்தை எடுத்துவிட்டு அக்காவின் கல்யாணம் என்று மாற்றினேன். இப்போது எழுபது அக்காமாருக்கு ஒரே நாளில் கல்யாணம். ஆங்கிலத்தில் எழுதிப் பெட்டியில் போடும் சட்டத்தை மட்டும் எடுக்கவில்லை. எடுத்தால் ஏன் என்று கேட்பார்கள்.

இன்று காலை, பொறுக்கிய கடிதங்களை மேசையில் காயப் போட்டுவிட்டு அலுமாரியிலிருந்து பழைய வகுப்புப் பதிவை எடுத்தேன். நிரோஜாவின் இலக்கம் இருந்தது. ஐந்து வருடமாக அங்கேயேதான் இருந்தது. எடுத்தேன். போனில் அவளே பேசினாள். ஊரில் தையல் பக்டரி ஒன்றில் வேலையாம். இடைவேளை நேரம், பின்னால் பெண்கள் பேசிச் சிரிக்கும் சத்தம் கேட்டது. என் பெயரைச் சொன்னேன். எங்கே தொடங்குவது என்று தெரியாமல், எடுத்த எடுப்பில், "அந்தக் கடிதத்தத் திருத்துனது நான்தாம்மா. அந்த மிஸ் இல்ல" என்றேன்.

"ஓம் மிஸ். தெரியும்."

அவள்தான் சொன்னாள்.

"அது உங்கட எழுத்து. என்ர தாளெல்லாத்திலயும் அந்த எழுத்துத்தானே இருந்தது. உங்களிட்டக் கேக்கத்தான் வந்தனான், நீங்கள் இல்லையெண்டு அந்த மிஸ்ஸிட்டக் குடுத்தன். பிறகு நீங்கள் கேத்திலோட வந்து வாசல்ல நிண்டனீங்கள். அலுமாரிக் கண்ணாடியில தெரிஞ்சது."

"ஏம்மா அப்பவே சொல்லல?"

"நீங்கள் சொல்லுவியள் எண்டு பாத்தன்."

நீ பார்த்துக்கொண்டிருந்தாய், அவளும் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் யாருக்கு ஒளித்தேன்?

"அந்த மிஸ் வருசா வருசம் அம்மான்ர திவசத்துக்குப் போன் எடுக்கிறவ" என்றாள். இது எனக்குத் தெரியாது. நீ சொல்லவேயில்லை. "ஒருக்கா நான் கேட்டனான், மற்ற மிஸ் எடுக்க மாட்டாவோ எண்டு. எடுப்பாங்க புள்ள, நல்லவங்கதான், பயந்திட்டாங்க எண்டு சொன்னவ. போன மாசம் திவசம் வந்தது. அவ எடுக்கேல்ல. சுகமா இருக்கிறாவோ மிஸ்?"

உன் மரணத்தை அவளுக்குச் சொல்லும் வேலை எனக்கு வந்து சேர்ந்தது. சொன்னேன். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, நம் சனம் யாராக இருந்தாலும் கேட்கிற கேள்வியைத்தான் கேட்டாள்.

"எத்தினையாம் வார்ட்டில வைச்சிருந்தவை மிஸ்?"

எனக்குத் தெரியவில்லை என்றேன். மணி அடித்துவிட்டது, போக வேண்டும் என்று வைத்துவிட்டாள்.

பெட்டியை எறிந்துவிட்டேன். விடுமுறை வேண்டிய பிள்ளை எந்த மொழியிலும் நேரே வந்து சொல்லலாம் என்று வாசலில் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி ஒட்டினேன். இணைப்பாளருக்கு ஒரு கடிதம் எழுதினேன். அந்தத் தாளைத் திருத்தியது யார் என்று அதில் இருக்கிறது. நாளைக் காலை அவர் கையிலேயே கொடுப்பேன். இவ்வளவு நாளைக்குப் பிறகு எதற்கு என்று அவர் கேட்கக்கூடும். உன் பெயர் அந்தக் கோப்பில் இருக்கிறது, அதற்குத்தான்.

பின்னேரம் உன் ராத்தாவுக்கு எடுத்துக் கேட்டேன். "பதினோராம் வார்ட். ஏன் இப்ப கேக்கிறீங்க?" என்றார். சும்மா என்றேன். பிறகு அந்த எண்ணை நிரோஜாவுக்கு அனுப்பினேன்.

நாலாம் வார்ட்டுக்கு நான் பச்சையில் ஒரு சரி போட்டேன். பதினோராம் வார்ட்டுக்கு நான் வரவே இல்லை. இந்த இரண்டையும் வைத்துக்கொண்டுதான் நாளைக்கு வகுப்புக்குப் போகிறேன்.